இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லைசென்ஸ், அப்பாவின் திதி

சின்ன காஞ்சிபுரம்,
6-8-2003, புதன்கிழமை.

சிரஞ்சீவி ஸ்ரீகருக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் ராம்ப்ரஸாதும் வரதர் கிருபையில் சௌக்கியம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருக்கிறாயா என்பதுதான் கவலை. இதுவரை அம்மா வாயால் சொல்லி நான் எழுதியது. இதற்கு மேல், "நான் சொன்னதையெல்லாம் நீயே கோவையா எழுதுடா, முடிச்சதும் என் கையில குடு, முழுக்கப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று அதிகாரம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆகவே அண்ணா, இந்தக் கடிதத்தில் ஆசீர்வாதமெல்லாம் அம்மாவுடையது, அதிகப்பிரசங்கமெல்லாம் உன் தம்பியுடையது.

முதற்கண் உலகத்தாருக்கு ஓர் அறிவிப்பு. நம் வீட்டு ஐந்து லிட்டர் குக்கரின் வெயிட், பதினோரு ஆண்டுகள் இடைவிடாமல் கூவிய பின், சென்ற திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, பருப்பு வெந்துகொண்டிருந்த வேளையில், தன் பதவியைத் துறந்து பரணை அடைந்தது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்று சாம்பார் கிடையாது, ரசம் மட்டும். வெயிட் பறந்த வேகத்தில் ஆவி அம்மாவின் வலது கைக் கட்டைவிரலில் பட்டுவிட்டது. பயப்படாதே, கொப்புளம் அடங்கிவிட்டது, ஆனால் பேனா பிடிக்க வரவில்லை. அப்பா திதிக்கு வருடா வருடம் அம்மா தன் கையால் எழுதி அனுப்புகிற கடிதம் இந்த வருடம் என் கைக்கு வந்தது அப்படித்தான். போன மாதமே போனில் தேதியைச் சொல்லியாகிவிட்டது, நீயும் செப்டம்பர் இரண்டாம் தேதிக்கு லீவு போட்டு, அமெரிக்காவில் நானூறு மைலுக்கு அப்பால் இருக்கிற, திதி செய்துவைக்கிற வாத்தியாரைக் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாய், இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். இருந்தாலும் போனில் சொன்ன தேதி காதோடு போய்விடுமாம், தாளில் எழுதியதுதான் நிற்குமாம். அந்தப் போனும் தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் புண்ணியத்தில் பத்து நாளாக ஊமை. கவர் மூலையில் வழக்கம்போல மஞ்சள் தடவப் போனேன், கையில் ஓர் அடி விழுந்தது. திதி எழுதுகிற கடிதத்துக்கு மஞ்சள் ஆகாதாம், ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா என்று தனியாக ஒரு அர்ச்சனை.

இனி கம்ப்யூட்டர் சமாசாரம். அம்மா இதை உனக்குப் புகாராக எழுதச் சொன்னாள், நான் சாதனையாக எழுதுகிறேன், நீ எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள். நீ வாங்கிக் கொடுத்த ரயில் ஓட்டுகிற விளையாட்டின் லைசென்ஸ் முன் அறையில், அம்மா கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கம்ப்யூட்டரில் இருக்கிறது அல்லவா. மாடியில் குடியிருக்கிற குமரன், ஏனாத்தூர் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறவன், மே மாதம் ஒரு நீலக் கம்பியை முன் அறையிலிருந்து பின் அறைப் பழைய கம்ப்யூட்டர் வரைக்கும் இழுத்துக் கொடுத்தான். இப்போது லைசென்ஸ் முன் அறையில் மூலவர் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, பின் அறையில் நான் உற்சவர் மாதிரி உலா வருகிறேன். பின் அறையில் விளையாட்டைத் திறந்தால் அது கம்பி வழியே போய் முன் அறையைக் கேட்கும், முன் அறை சரி என்றால் ஓடும். வீட்டுக்குள் இரண்டு கம்ப்யூட்டர் வரைக்கும் பகிர்ந்துகொள்ளலாம் என்று விளையாட்டைச் செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள், திருட்டுத்தனம் ஒன்றுமில்லை. இன்னொன்று. மே முப்பத்தொன்றோடு லைசென்ஸ் தீர்ந்துவிடும், ப்ளஸ் டூ முடிகிற வரை புதுப்பிக்க மாட்டேன் என்று சொன்னாயே, ஆகஸ்ட் பிறந்தும் அது தீரவில்லை. எப்படி என்று கேட்காதே, தொழில் ரகசியம். அமெரிக்காவில் நீங்கள் ஆயிரம் பேர் உட்கார்ந்து பூட்டு செய்கிறீர்கள், காஞ்சிபுரத்தில் ஒருவன் உட்கார்ந்து திறக்கிறான், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அந்த நீலக் கம்பியைக் கண்ட நாளிலிருந்து சந்தேகம். நான் பின் அறையிலிருந்து வெளியே வந்தால் உடனே உள்ளே போய் மானிட்டரின் முதுகைத் தொட்டுப் பார்க்கிறாள், குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி. சூடாக இருந்தால் எனக்குச் சூடு. பால் திரிந்தால் கம்பி, பிரிண்டர் மை தீர்ந்தால் கம்பி, எனக்குக் கெமிஸ்ட்ரியில் மார்க் குறைந்ததும் கம்பி, இதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். இப்படிப் புகைந்துகொண்டிருந்தது போன வாரம்தான் பற்றிக்கொண்டது. பட்டுத்தறிக்காரர் பரமசிவம், அவர் பெண் புவனேஸ்வரிக்கு ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி கல்யாணம், பத்திரிகைக்கு அம்மாவிடம்தான் கொடுத்திருக்கிறார். புரூஃபைக் கையில் வாங்கினவர் வாசலிலேயே நின்று, "இன்னாமா இது, ஐயரு வெள்ளிக்கெழமைன்னு குறிச்சிக் குடுத்துக்கிறாரு, நீ வியாழன்னு அடிச்சி வச்சிக்கினு இருக்கிறியே, எங்க பொண்ணுக்கு ரெண்டு நாள் கல்யாணமா" என்று கேட்டார். அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பன்னிரண்டு வருடமாகப் பத்திரிகை அடிக்கிறாள், ஒரு கிழமை தப்பியதில்லை என்பது அவள் பெருமை. தேதியை அவர் கொடுத்தார், கிழமையை அம்மா நீ வாங்கிக் கொடுத்த பஞ்சாங்க சிடியைத் தட்டிப் பார்த்துப் போட்டாள், அந்த சிடி வந்ததிலிருந்து அச்சுப் பஞ்சாங்கம் வாங்குவதைக்கூட நிறுத்திவிட்டாள். மறுபடி தட்டிப் பார்த்தால் சிடி வியாழன் என்றே சாதிக்கிறது, சுவரில் தொங்குகிற, தேதியும் கிழமையும் மட்டும் போட்ட காலண்டர் வெள்ளி என்கிறது.

அந்த இக்கட்டில் கைகொடுத்தது யார் என்று நினைக்கிறாய், உன் தம்பிதான். "மாமா, அது அமெரிக்காவுல வாங்கின சிடி, அங்கத்திக் கணக்குப் போடுது, நமக்கு வெள்ளின்னா அவங்களுக்கு வியாழன்" என்று ஒரே போடாகப் போட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அமெரிக்காக்காரன் முகூர்த்தத்துல எம்பொண்ணுக்கு ஏம்பா தாலி கட்டணும், நீ வெள்ளின்னு திருத்திக் குடும்மா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். நல்லவேளை, அச்சுக்குப் போகுமுன் பிடித்தாயிற்று. ஆனால் அம்மா சிரிக்கவில்லை. அன்று சாயந்திரமே விசாரணைக் கமிஷன் வைத்துவிட்டாள். சிடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கீறல் இருக்கிறதா என்று. அப்புறம், "போன வருஷமெல்லாம் சரியா இருந்ததே, இந்தக் கம்பி போட்டதுக்கு அப்புறம்தானே கெழமை மாறித்து" என்றாள். அடுத்து மாடிப்படியில் இறங்கி வந்த குமரனை நிறுத்தி, எங்காத்து மிஷின்ல என்னடாப்பா பண்ணினே என்று கேட்டேவிட்டாள். அவன், "மாமி, சத்தியமா வயரு மட்டுந்தான் போட்டேன், வேற எதையும் தொடல மாமி" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு. அன்றிலிருந்து மாடிக்கு இட்லி போவதில்லை. குமரனும் நம் வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் ஏறிப் போகிறான்.

அம்மாவின் அடுத்த சந்தேகம்தான் பெரிசு. கல்யாணத் தேதி தப்பலாம் என்றால் திதித் தேதி மட்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று இரண்டு நாள் தூங்கவில்லை. சிடி செப்டம்பர் இரண்டு, திங்கள் என்கிறது, சுவர்க் காலண்டரில் அது செவ்வாய். நம் வாத்தியார் பாச்சா மாமாவைக் கேட்கலாம் என்றால் அவர் பெண்ணின் பிரசவத்துக்குப் பெங்களூர் போயிருக்கிறார், ஆவணி பிறந்துதான் வருவார். நான் மறுபடி அதே அமெரிக்கக் கணக்கைச் சொல்லி, அண்ணா செய்யப்போவது அமெரிக்காவில்தானே, அப்படியானால் அது அவனுக்கு ரொம்பச் சரி என்றேன். அம்மா என்னைத் தன் பக்கம் திருப்பி நிறுத்தினாள். "நீ சொல்றது நிஜமாடா" என்றாள். தலையாட்டினேன். அப்பா போனபோது நீ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய், கடைசியாக முகம் பார்க்கக் கிடைக்கவில்லை, இந்த ஒரு நாளையாவது அவன் விடாமல் செய்யணும் என்பாள், அதையும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். போன வருடம் வேலை மாறின குழப்பத்தில் நீ செய்ய முடியாமல் போனதை நீ மறந்தாலும் அவள் மறக்கவில்லை. அதனால், "தேதியை உன் மனசுலேந்து எழுதாதே, கடுதாசை மூடறத்துக்கு முன்னாடி திரையில இன்னொரு தரம் பாத்து, எழுத்து எழுத்தா ஒத்துப் பாரு" என்று எனக்குக் கட்டளை. ஒத்துப் பார்க்காமல் அவள் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை.

மற்றபடி அம்மா சொன்னவை. மழைக்கோட்டு வாங்கினாயா. ஐஸ் தண்ணீர் குடிக்காதே. அறைத்தோழன் சமைத்தால் எந்தப் பாத்திரத்தில் சமைத்தான் என்று கேட்டுவிட்டுச் சாப்பிடு. திதி அன்றைக்குக் காலையில் காபியோடு நிறுத்திக்கொள். எள் அங்கே கிடைக்காவிட்டால் முன்கூட்டியே சொல். வாத்தியாருக்கு வேஷ்டி இங்கிருந்து அனுப்புகிறோம். எல்லா நலனும் பெற்று நீடூழி இருக்கப் பெருமாள் அருளட்டும். உடம்பு முக்கியம், அதற்கடுத்தது உடம்பு, வேலையெல்லாம் அப்புறம்.

இப்படிக்கு உன் அம்மா,
ரமாமணி.

(பெயரை நான் எழுதிவிட்டேன், பக்கத்தில் இடதுகையால் ஒரு கோடு போடுவாள்.)

அண்ணா, கையெழுத்துக்குக் கீழே எழுதக்கூடாதுதான். அம்மா சொன்னபடி ஒத்துப் பார்க்க முன் அறைக்குப் போனேன். பஞ்சாங்கத்தைத் திறந்து அப்பா திதியைத் தட்டினேன், செப்டம்பர் இரண்டு, திங்கள் என்றே வந்தது. எழுத்து எழுத்தாகப் பார் என்றாளே என்று தலைப்பிலிருந்து படித்தேன். தலைப்பில் வருடம் 2002 என்று இருக்கிறது. அமெரிக்காவும் இல்லை, கம்பியும் இல்லை, நான்தான். லைசென்ஸ் தீர்ந்த மறுநாள் அது முன் அறைக் கம்ப்யூட்டரின் தேதியைப் பார்த்துத்தான் கணக்கு வைக்கிறது என்று கண்டுபிடித்து, அதன் வருடத்தை ஒன்று பின்னால் தள்ளிவிட்டேன். மாதமும் நாளும் அப்படியே இருந்தன, திரையின் மூலையில் மணி மட்டும்தான் தெரியும், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். இதுதான் நான் மேலே பீற்றிக்கொண்ட தொழில் ரகசியம், நாலு தடவை மவுஸைத் தட்டியது. பரமசிவம் மாமா வியாழன் என்று காட்டியபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது, பேச்சால் மூடிவிட்டேன். குமரனைக் கேட்டபோதும் மூடிக்கொண்டேன். ஆனால் அப்பாவின் திதியும் அதே கம்ப்யூட்டரிலிருந்துதான் வருகிறது என்று, உன் மேல் ஆணையாக, இன்றுவரை என் மண்டையில் ஏறவில்லை. நீ அங்கே லீவு போட்டது, அந்த வாத்தியார் நானூறு மைல் வரப்போவது, எல்லாம் அப்பாவின் திதியான தசமி போன வருடம் விழுந்த நாளுக்கு.

வருடத்தைச் சரிசெய்துவிட்டுப் பார்த்தேன். ஆவணி மாதம் தேய்பிறை தசமி, ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. சுவர்க் காலண்டரோடும் ஒத்துப் பார்த்துவிட்டேன், கிழமை சரி. செப்டம்பர் இரண்டை மறந்துவிடு. லீவை மாற்று, வாத்தியாரிடம் இன்றே பேசு. இந்தத் தாள் வந்து சேர எட்டுப் பத்து நாள் ஆகும், அதனால் இப்போதே கடைத்தெருவுக்குப் போய் மெயிலும் அனுப்பிவிடுகிறேன். விளையாட்டு இனி திறக்காது, திறந்து பார்த்தேன், லைசென்ஸ் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டது. புதுப்பிக்க வேண்டாம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அடுப்படி வரைக்கும் போனேன், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மாடிக்கும் போகவேண்டும், அங்கே சொல்வது இன்னும் கஷ்டம். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முடிச்சாச்சா என்று கேட்கிறாள். எப்படியும் கடைசி எழுத்து வரைக்கும் படிக்காமல் விடமாட்டாள். இந்தக் கடைசித் தாளை அடியில் வைக்காமல் மேலே வைத்துக் கொடுக்கப் போகிறேன்.