பி ஷிஃப்டில் ஒரு மௌன விரதம்

ஜூலை 7, திங்கள்

இன்றைக்கு எச்.ஆர். மேனேஜர் எழிலரசன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்த இரும்புக் கம்பி மில்லிலும் எந்த சூப்பர்வைசருக்கும் இந்த மரியாதை கிடைத்திருக்காது. ஏ.சி. ஓடியது. டீ வந்தது. பிஸ்கட் இரண்டு வகை.

விஷயம் என்னவென்றால், சென்னையிலிருந்து ஷைனி என்று ஒரு மேடம் வருவாராம். வாரத்தில் ஒரு நாள், ஷிஃப்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம், என்னோடு மட்டும் பேசுவாராம். கோச்சிங்காம். முழுக்க கம்பெனி செலவு. எட்டாவதோடு நிறுத்தியவனுக்கு நாற்பத்தெட்டு வயதில் தனி வாத்தியார்! கலெக்டர் வீட்டுப் பிள்ளைக்குக்கூட இப்படி அமையுமா?

கோவிந்தம்மாவிடம் சொன்னேன். "முந்நூறு பேர்ல என்னை மட்டும் பொறுக்கி எடுத்திருக்காங்க."

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்குன்னா... திறமைக்குத்தான்."

"அப்ப மீதி எரநூத்தி தொண்ணூத்தி ஒம்பது பேரு தப்பிச்சாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். என் பெண்டாட்டிக்கு என் அருமை தெரிந்ததே இல்லை.

சார் சொன்னதில் பாதியை அவளிடம் சொல்லவில்லை. இந்த வருசத்தில் இரண்டு பேர் மத்தியானம் தொடங்கும் என் பி ஷிஃப்டை விட்டு, காலை ஏ ஷிஃப்டுக்கு எழுதிக் கொடுத்துப் போய்விட்டார்கள். இப்போது மூன்றாவதாகத் தாவீது கேட்கிறான். "இவரும் போயிட்டா, தேசப்பன், ஷிஃப்டை வசந்தகுமார்கிட்ட குடுத்துட்டு உங்களை ஸ்டோர்ஸ்ல போடச் சொல்லி மேலேருந்து சொல்றாங்க. அதுக்கு முன்னாடி இதை ஒரு தரம் பார்க்கலாம்னு நான்தான் கேட்டு வாங்கினேன்."

ஸ்டோர்ஸ்! நான்! இருபது வருசத்துக்கு மேல் செக்கச்செவேலென்று ஓடும் கம்பியைக் கண்ணுக்கு முன்னால் பார்த்தவன். போய் அட்டைப்பெட்டிக்கு நடுவில் உட்கார்ந்துக்கினு, வாஷர் எடுத்துக் குடுத்துக்கினு...

ஏன் போகிறார்களாம் என்று கேட்டேன். "பேச விட மாட்டேங்கறாராம்" என்றார்.

இது என்ன கூத்து? இந்த மில்லிலேயே நன்றாகப் பேசுகிறவன் நான். என் ஷிஃப்டில் பேச்சுக்கா பஞ்சம்? ஒன்றும் விளங்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

புதுச் சட்டை. தட்டில் வெற்றிலை, பாக்கு, ஆப்பிள், சாத்துக்குடி. வாத்தியார் என்றால் வெறுங்கையோடு போக முடியுமா? மேடம் தட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நான் டீச்சர் இல்ல சார்" என்றார்.

"அப்ப டாக்டரா?"

"இல்ல."

"அப்ப நீங்க இன்னாதான் மேடம்?"

"நீங்க யோசிக்கும்போது கூட உட்கார்ந்திருக்கறவ. இங்க பேசறது இந்த ரூமை விட்டு வெளியே போகாது, எழிலரசன் சாருக்கும்."

கூட உட்கார்ந்திருக்க ஒரு ஆளா! எங்கள் கவரப்பேட்டை டீக்கடையில் இதைச் சும்மாவே பத்து பேர் செய்கிறார்கள்.

பிறகு தூக்கம் எப்படி என்றார். "படுத்தா பாறாங்கல்லு மேடம்" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வைக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது. பாதி ராத்திரியில் முழிப்பு வருவதையும், பிரஷர் மாத்திரையைப் பாதி நாள் மறப்பதையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜூலை 11, வெள்ளி

வாத்தியார் இல்லை, டாக்டர் இல்லை, ஜோசியமும் பார்க்க மாட்டார். பிறகு எதற்கு அவ்வளவு தூரம் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டு வருகிறார்?

ஜூலை 17, வியாழன். ஆடி பிறந்தது

மேடம் எழிலரசன் சாரின் ஆளா இல்லையா என்று பார்க்க ஒரு கதை விட்டேன். போன வருசம் ஃபர்னஸ் பக்கம் எண்ணெய்க் குழாய் தீப்பிடித்தபோது, தோளுக்கு இரண்டு பேராக நாலு பேரை நான் ஒருத்தனே தூக்கி வந்தேன் என்று. தீ பிடித்தது நிஜம். நான் அங்கே இருந்ததும் நிஜம். தூக்கியது... எல்லாரும் அவரவர் காலில்தான் ஓடினார்கள். எனக்கு முன்னாலேயே.

இந்தப் பேச்சு சார் காதுக்குப் போனால் மேடம் உளவு. அதுதான் கணக்கு.

அவர் நாலு பேரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "அன்னைக்கு வீட்டுக்குப் போனப்புறம் எப்படி இருந்தீங்க?" என்றார்.

இதுவரை என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. கை ஆடிக்கொண்டே இருந்தது, சோற்றைப் பிசைய முடியவில்லை, கோவிந்தம்மா பார்த்துவிடக் கூடாது என்று அந்த நாலு பேர் கதையை எடுத்துவிட்டேன் — எல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

ஆக, நான் உள்ளே விட்டது பொய். வெளியே வந்தது நிஜம். இது என்ன மாயம்? தலை சுற்றுகிறது.

ஜூலை 22, செவ்வாய்

எழிலரசன் சாரிடம் சாடையாக, "தோள் வலிக்குது சார், போன வருசத்துல இருந்தே" என்றேன். "தைலம் தேய்ங்க" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மேடம் வாய் இரும்புப் பெட்டி.

ஜூலை 24, வியாழன்

"பதிலை நீங்களே சொல்லிடுங்க மேடம். படிச்சவங்க. நான் அப்படியே செஞ்சிட்டுப் போறேன்" என்று கும்பிட்டே கேட்டேன். "உங்க ஆளுங்களை நான் பார்த்ததே இல்லையே சார்" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "யாராவது உங்ககிட்ட பேச ஆரம்பிச்சா, நீங்க எப்ப பேச ஆரம்பிப்பீங்க?"

"உடனே மேடம். சுறுசுறுப்பு."

அவர் சிரிக்கவில்லை. கடைசியில் அடுத்த வாரம் பேசாமல் இருந்து பார்க்கலாம் என்று முடிவானது. அவர் ஏதோ ஷிஃப்ட் மாறும் நேரம் என்றும் சொன்னார். நான் அதற்குள் முடிவு செய்துவிட்டேன். செய்வதென்றால் முறையாகச் செய்ய வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

பெரியபாளையம். ஆடி ஞாயிறு கூட்டத்தில் ஒரு லட்சம் பேர் இருப்பார்கள், அதில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். வேப்பிலை வாசனையோடு நின்று பவானி அம்மன் எதிரில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். அடுத்த வியாழன் வரை மில்லுக்குள் மௌன விரதம். ஒரு சொல் கிடையாது.

"ஊட்டுலயும் சேத்துக் கட்டிக்கய்யா" என்றாள் கோவிந்தம்மா.

ஜூலை 28, திங்கள்

விசில், கை, கண். இவ்வளவுதான். சாயந்திரத்துக்குள் எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று ஒரு பேச்சு. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று இன்னொரு பேச்சு. கேன்டீன்காரர் கேட்காமலே கஞ்சி கொண்டுவந்து வைத்தார். வாயைத் திறக்காமல் எட்டு மணி நேரம்! நூறு டன் கம்பியைத் தலையில் சுமந்திருக்கலாம்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று ஒரு வினோதம். நான் பேசவில்லை என்றதும் ஆளாளுக்கு என் பக்கத்தில் வந்து நின்று பேசுகிறார்கள். ஒருத்தன் அப்பாவுக்குக் கண்ணில் புரை என்கிறான். ஒருத்தன் இரண்டாவது ஸ்டாண்டில், கம்பியை நசுக்கும் உருளையில், சத்தம் மாறியிருக்கிறது என்கிறான். போய்ப் பார்த்தால் நிஜமாகவே பேரிங் போகிற நிலை. இதை ஏன்டா முன்னாடியே சொல்லலை என்று கேட்க முடியவில்லை. கயிறு கையில் இருக்கிறது.

ஜூலை 30, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஏழு மணி இருக்கும். கம்பி தடம் தவறி வெளியே பாய்ந்தது. சிவப்பாக, சுருண்டு, மேலே எழும்பி. தாவீது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். நான் கத்தினேன் — "தாவீது!"

ஒரே தாவு தாவினான். அவன் நின்ற இடத்தில் கம்பி விழுந்தது. மில் நின்றது. அவன் மேல் ஒரு கீறல் இல்லை.

விரதம் போச்சு. அம்மன் என்ன சொல்வாள்? மேடம் என்ன சொல்வார்?

தாவீது என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "பேரு சொல்லிக் கூப்ட்டியேண்ணா."

"பின்ன இன்னாடா சொல்லிக் கூப்புடுவாங்க?"

"எப்பவும் டேய்னுதானே கூப்புடுவ. டேய்னா யாரைச் சொல்றன்னு எங்களுக்குத் தெரியாது. யாரும் திரும்ப மாட்டோம். இன்னிக்கு என் பேரு கேட்டுச்சு, குதிச்சிட்டேன்."

எப்படி அந்தப் பெயர் வாயில் வந்தது? மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு நின்றதில் யார் எங்கே நிற்கிறான் என்று கண்ணுக்குப் பழகிவிட்டதா? எனக்கே தெரியவில்லை.

அவன் நிறுத்தவில்லை. அவன் சம்சாரத்துக்கும் சாயந்திர ஷிஃப்டாம், வேறு கம்பெனியில். பெண் குழந்தை ஸ்கூல் விட்டு வந்தால் பூட்டின வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறதாம். "இத உன்கிட்ட மூணு வாட்டி சொல்ல வந்தேன்ணா. ஒரு வாட்டி நீ உன் மச்சான் துபாய் போன கதைய எடுத்த. இன்னொரு வாட்டி நீ போலீஸ் ஜீப்ப ஒத்தக் கையால நிறுத்துன கதை. மூணாவது வாட்டி நானே திரும்பிப் போய்ட்டேன். அப்புறம்தான் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தேன்."

அந்த ஜீப் கதை நல்ல கதை. ஆனால் இன்றைக்கு அது எனக்கே பிடிக்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

மேடம் மஞ்சள் கயிற்றைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். "சார், நான் சொன்னது ஷிஃப்ட் மாறும்போது மட்டும். அதுவும் அவங்க பேசி முடிக்கற வரைக்கும்."

"அவ்ளோதானா? அதை அழுத்திச் சொல்றது இல்லையா மேடம்?"

இருவரும் சிரித்தோம். பிறகு தாவீது விஷயம் முழுவதும் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். அவனை ஏ ஷிஃப்டுக்கு அனுப்பினால் அவன் குழந்தைக்கு ஆள் கிடைக்கும். அனுப்பினால் அவன் மூன்றாவது ஆள், எனக்கு ஸ்டோர்ஸ். தடுத்தால் என் ஷிஃப்ட் எனக்கு.

"நான் இன்னா பண்ணணும் மேடம்?"

"பி ஷிஃப்டுக்கு நீங்க எப்படிப்பட்ட சூப்பர்வைசரா இருக்கணும்னு நினைக்கிறீங்க?"

மறுபடியும் கேள்வி! கோபம் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். ரயிலடி வரை நடந்தேன், டீ குடித்தேன், திரும்பி ஷிஃப்டுக்கு வந்தேன். மனசு ஒரு நிலையில் இல்லை. இந்தப் பொம்பள பதிலை வச்சிக்கினே சொல்ல மாட்டேங்குதா, இல்ல பதில் என்கிட்டயேதான் இருக்குதா?

ஆகஸ்ட் 1, வெள்ளி

தாவீது எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டேன்.

எழிலரசன் சார், "யோசிச்சுதான் போடறீங்களா? இவர் மூணாவது" என்றார். "தெரியும் சார். அவன் குழந்தை வெளியே உக்காந்துக்கினு இருக்குது" என்றேன். அவர் பேனாவை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வசந்தகுமார் வந்து மில்லை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போனான். நல்ல பையன், டிப்ளமா. வணக்கம் சொன்னான். தாவீது நின்ற இடத்தில் இப்போது வேறு ஆள்.

ராத்திரி தூங்கினேன். எப்படி என்று தெரியாது, முழிப்பு வரவில்லை. ஸ்டோர்ஸுக்குப் போகப் போகிறவனுக்குத் தூக்கம் வருமா? வந்ததே!

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்றைக்கு மேடத்திடம் கோபித்துக்கொண்டு போனதற்கு வருத்தம் சொன்னேன். "பதில் கிடைச்சதா?" என்றார். "பதில் கெடைக்கல மேடம். கையெழுத்துதான் போட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று வீடு வரும் வரை யோசித்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மத்தியானம் ஏ ஷிஃப்ட் முடிந்ததும், அந்த ஷிஃப்ட் ஆள் மோசஸ் வீட்டுக்குப் போகாமல் என் முன்னால் வந்து நின்றான். அவன் அம்மாவைக் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டுமாம், வாரத்தில் பாதி நாள். மெதுவாகப் பேசுகிறவன். நடுவில் இரண்டு தடவை நிறுத்தினான். எங்கள் சித்தி ஆஸ்பத்திரியில் இருந்த கதை எனக்குத் தொண்டை வரை வந்தது. முழுங்கினேன். அவன் சொல்லி முடித்தான்.

"தாவீதுதான் சொன்னான்ணா, உன்கிட்ட சொன்னா கேப்பன்னு. பி ஷிஃப்டுக்கு வரட்டா?"

எழிலரசன் சாரிடம் அவனையே அழைத்துப் போனேன். சார் மேலே போன் போட்டுப் பேசினார். பிறகு சொன்னார்: "வசந்தகுமாருக்கு வேற லைன் பார்த்துக்கறாங்களாம். இப்போதைக்கு நீங்களே ஓட்டுங்க. பார்க்கலாம்."

இப்போதைக்கு என்றால் எதுவரைக்கும்? கேட்கவில்லை.

வீட்டில் கோவிந்தம்மாவிடம் எல்லாவற்றையும், ஸ்டோர்ஸ் விஷயம் உட்பட, சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"உன் ஷிஃப்டுக்குத் தானா வரேன்னு எத்தினி பேரு கேட்டாங்க?"

"ஒருத்தன்."

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் சோறு போட்டாள்.