தேள் ஊறிய ரம்

செயின்ட் அகஸ்டின், டிரினிடாட்
9 ஜூன் 2006

அன்செல்ம் அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் இருவருமே இல்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்று கேட்டாய்: "போன வருஷம் நம்ம கொட்டகை வேலைக்காரன் ஃபிட்ஸையும்தான் தேள் கொட்டிச்சு. மூணு நாள் வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கிடந்தான், எழுந்து கொக்கோ காயப்போட வந்துட்டான். அப்பா மட்டும் ஏன்டா?"

ஐந்து வருடமாக ஆய்வுக்கூடத்தில் நான் செய்வதே இதுதான். நம் ஊர்த் தேளின் விஷம் கணையத்தைத் தாக்கும். அங்கே செல்கள் இரண்டு விதமாகச் சாகும். ஒன்று, சுருங்கி, தன்னைத்தானே பொட்டலம் கட்டிக்கொண்டு சாவது. பக்கத்துச் செல் அதை விழுங்கிவிடும், சத்தமே இருக்காது. இன்னொன்று, வெடித்துச் சாவது. உள்ளே இருக்கும் செரிமானச் சாறு கொட்டிப் பக்கத்துச் செல்லை அரிக்கும், அது அடுத்ததை. சாராயம் கொடுத்த என் எலிகளில் முதல் வகை குறைந்து இரண்டாவது பெருகுகிறது. மனிதரிலும் அப்படியே என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஃபிட்ஸ் சபைக்காரன், சொட்டுச் சாராயம் தொடாதவன். அப்பாவுக்கோ நீ, தேள்கடிக்கு மருந்து என்று, தேள் ஊறிய ரம்மை அரை போத்தல் ஊற்றினாய். மறுநாள் மதியம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாய்.

மடத்தனம். கேட்டாய், சொல்லிவிட்டேன்.

கெஸ்டர்


கிரான் கூவா
20 ஜூன்

தம்பி கெஸ்டர்,

உன் கடிதத்தைக் கொக்கோக் கொட்டகையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். படிப்பு இல்லாதவன், ஆனாலும் புரிந்தது.

அந்த ரம் போன கிறிஸ்மஸுக்கு நீ வாங்கிவந்தது. அப்பா அதற்குள் ஆறு தேளைப் போட்டபோது போத்தலைப் பிடித்துக்கொண்டவன் நீ. படம் எடுத்தவன் நான். "பெரியவரே, மருந்துப் பெட்டி ரெடி!" என்று கேலி வேறு செய்தாய். அன்றைக்கே உனக்கு எல்லாம் தெரியும். எலியில் பார்த்ததை எங்களுக்குச் சொல்லவில்லை.

தேள் கொட்டிய அன்று நான் "ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா" என்றுதான் சொன்னேன். "போடா, கெஸ்டர் வாங்குன சரக்கு, கேக்காமப் போகாது" என்று அவரே ஊற்றச் சொன்னார்.

நான் வெடித்தால் பெண்டாட்டி பிள்ளைகள் வரைக்கும் அரிக்கும். அதனால் நீ எழுதிய முதல் வகைபோலச் சத்தமில்லாமல் சுருங்கிக்கொள்கிறேன். இனி எழுதாதே.

அன்செல்ம்


செயின்ட் அகஸ்டின்
3 டிசம்பர்

அண்ணா,

எழுதாதே என்று நீ சொன்னபின் இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் போய்ச் சேர்ந்தன என்று தபால்காரர் சொல்கிறார்.

இத்துடன் இருபது தாள்கள். "தேள் கொட்டினால் ரம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி" என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறேன். கொட்டகையில் ஒட்டு. என் பெயர் போடவில்லை, என்மேல் உள்ள கோபத்தில் கிழித்துவிடாதே.

அந்தக் கிறிஸ்மஸ் படத்தின் பிரதி என்னிடமும் இருக்கிறது. அப்பா தேளின் வாலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார், சரியா என்று கேட்பதுபோல. நான் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

கெஸ்டர்