பன்றிகள் திரும்பிவிட்டன, அண்ணே

அண்ணே,

இன்று காலை மாடுகளை அவிழ்த்துவிடப் போனபோது அந்த வாடை வந்தது. ஈர மண்ணும் புளித்த சேறும் மிருக வியர்வையும் கலந்த வாடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வேனை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு நீ இறங்கும்போது உன் சட்டையிலிருந்து வருமே, அதேதான். கொஞ்ச நேரம் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பிறகு எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை வரிசைக்குள் நடந்து போய்ப் பார்த்தேன். மரத்தடி மண் உழுதுபோட்டதுபோல் புரண்டு கிடந்தது. அந்தப் பக்கம் நம் மலாய்க்காரப் பெரியவர் பாக்சிக் ஹமிட் புதிதாக நட்டிருந்த கன்றுகளில் சில வேரோடு சாய்ந்திருந்தன. குருத்தை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை மிதித்துவிட்டுப் போயிருக்கின்றன.

கையில் போன் இருந்தது. உன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. விரல் அது வரைக்கும் போய்விட்டது. பன்னி வந்துருச்சு அண்ணே என்று யாரிடம் சொல்வது? வீட்டுக்காரர் சிங்கப்பூரில் ஷிப்ட்டில் இருப்பார். சொன்னாலும், "சரி, வேலிய பாரு" என்பார். எனக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமும் பயமும் வந்ததை அவரிடம் எப்படிச் சொல்ல முடியும். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

வாரம் முழுக்க நீ பழக்குலை ஏற்றிக்கொண்டு மில்லுக்கு லாரி ஓட்டினாய். ஞாயிற்றுக்கிழமைதான் உன் நாள். துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்த அன்று, அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட வேண்டும் என்று நீ நிற்க, அண்ணி கதவை மறித்துக்கொண்டு, "அது உள்ள வந்தா நான் வெளிய போவேன்" என்று சொன்னது நினைவிருக்கிறதா? கடைசியில் வாசலில் வைத்து நீயே ஒரு சூடம் ஏற்றிக்கொண்டாய்.

லாபிஸைச் சுற்றியிருந்த சிறுதோட்டக்காரர்கள் எல்லோருக்கும் உன் நம்பர் தெரியும். இரண்டு மூன்று வருடம் உழைத்து வளர்த்த செம்பனைக் கன்றை ஒரே இரவில் பன்றிக் கூட்டம் அழித்துவிட்டால் அவர்கள் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? நீ நாய்களோடு போவாய். அனுமதி உள்ள இடம், அனுமதி உள்ள மிருகம், அதற்கு மேல் ஒரு தோட்டாவும் செலவழிக்க மாட்டாய். ஒரு தடவை மான் ஒன்று கண்ணெதிரே நின்றதாம். கூட வந்தவர்கள் சுடு சுடு என்றார்களாம். "ரூல்ஸ் ரூல்ஸ்தான் லா" என்று துப்பாக்கியை இறக்கிவிட்டாயாம். அவர்கள் உன்னைக் கேலி செய்ததை நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். மத்தியானம் இஞ்சியும் மிளகும் தூக்கலாய்ப் போட்டு நான் பன்றிக்கறி வறுக்க, பாதியை அடுப்படியிலேயே தின்று தீர்த்துவிடுவாய்.

பன்றி குறையக் குறைய ஊரே உன்னைப் புகழ்ந்தது. அப்புறம் அந்தப் பன்றிக் காய்ச்சல் வந்தது. ஆற்றோரத்தில் பன்றிகள் செத்துச் செத்து ஊதிக் கிடந்தன. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சிறுதோட்டக்காரர்களுக்கு விடுதலை. நீ மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்கையோடு வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். "காடு ரொம்ப அமைதியா இருக்கு பாப்பா. எனக்குப் புடிக்கல" என்றாய். வேட்டை இல்லாத ஏக்கம் என்று நினைத்து நான் உனக்குப் பாலில்லாத தே ஓ கலந்து கொடுத்தேன்.

முதலில் என் கன்றுக்குட்டி ஒன்று போனது. தெருநாய்களின் வேலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அடுத்தது என்னைப்போலவே மாடு வைத்திருந்த மணியத்தின் கன்று. பிறகு என் கிடேரி, அந்தச் செவலை. காலையில் நான் போனபோது அதற்கு இன்னும் உயிர் இருந்தது, அண்ணே. பின்பக்கம் முழுக்கத் தின்றுவிட்டிருந்தன. அது என்னைப் பார்த்துக் கத்தக்கூட இல்லை. நீ வந்துதான் அதன் கணக்கை முடித்தாய். பிறகு குனிந்து தடத்தைப் பார்த்துவிட்டு, "செந்நாய். மலாய்க்காரங்க செரிகாலான்னு சொல்வாங்களே, அது. உள்காட்டுல இருக்கறது, இங்க வரைக்கும் வந்துருச்சு" என்றாய்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுக் கடையில் மாட்டுக்காரர்கள் எல்லோரும் கூடினோம். மணியத்துக்கு மாட்டைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. தோட்டத்தில் வேலை போனபிறகு, புல் வளராமல் இருக்க மாடு மேயலாம் என்று நிர்வாகம் விட்ட இடத்தில்தான் அவன் பிழைத்தான், நானும்தான். அவன் நேராக உன்னிடம் வந்தான்.

"ண்ணே, துப்பாக்கி இருக்கு, லைசென்ஸ் இருக்கு. என்ன யோசிக்கிறீங்க?"

"பன்னிக்குத்தான் லைசென்ஸ். இது சுடக் கூடாத மிருகம் லா. வனவிலங்கு இலாகாவுக்குப் போன் போட்டாச்சு, வந்து பாப்பாங்க."

"அவங்க வர்றதுக்குள்ள கொட்டகை காலியாயிரும்."

"சாபார்லா, மணியம்" என்று பாக்சிக் ஹமிட் அவன் தோளில் கை வைத்தார். பொறுமையாக இரு என்று அவர் சொல்வது சுலபம், அவரிடம் மாடு இல்லை. மணியம் அந்தக் கையைத் தட்டிவிட்டான். நான் மனதுக்குள் மணியத்தின் பக்கம் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து நானும் கேட்டேன். "யாரு பாக்கப் போறா அண்ணே? காலையில போயி ரெண்ட சுட்டா மிச்சம் ஓடிரும்."

நீ செருப்பிலிருந்த சேற்றைப் படியில் தேய்த்தாய். பிறகு, "பன்னி இருந்தா இதுங்க ஏன் பாப்பா மாட்டுக்கு வருது?" என்றாய். "பன்னிய நான் சுட்டேன். மிச்சத்தக் காய்ச்சல் கொண்டுபோச்சு. இப்ப இதயும் நானே சுடணுமா?"

"அப்ப உன் பன்னிக்கு என் மாடு ஈடா?"

நீ எழுந்து போய்விட்டாய். வேன் கதவைச் சாத்திய சத்தத்தில் கோபம் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க நாம் பேசவில்லை. இன்றைக்கும் நான் கேட்டதில் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். நீ சொன்னதிலும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் திரும்புவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு நீ துப்பாக்கி இல்லாமல் வந்தாய். வேனில் பழைய தகரமும் கட்டைகளும் கம்பி வலையும் இருந்தன. இறங்கியதும் குழி தோண்ட ஆரம்பித்தாய். இலாகாவிலிருந்து வந்தவர்கள் மரத்தில் கேமரா கட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் மாடுகளை அடைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அடைக்க என்னிடம் நாலு பக்கமும் மறைத்த கொட்டகை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஞாயிறு ஞாயிறாக வந்து கட்டி முடித்தாய். கன்றுகள் உள்ளே, பெரிய மாடுகள் சுற்றி. அதற்குப் பிறகு என் பட்டியில் ஒன்றும் போகவில்லை.

மணியத்துக்கும் கட்டிக்கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தாய். அவனுடைய மாடுகள் அதிகம், இடமும் தூரம், அதுவரைக்கும் அவன் காத்திருக்கவில்லை. இன்னொரு கன்று போனது. செத்ததை அவன் புதைக்காமல் பூச்சிமருந்து வைத்துக் காட்டோரத்தில் போட்டுவிட்டான்.

உன் நாய்தான் முதலில் கண்டுபிடித்தது. நீ அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாய். ஓடைக்கரையில் செந்நாய்கள் ஒன்றுக்கொன்று தூரம் தூரமாகச் செத்துக் கிடந்தன. தண்ணீரைத் தேடி வந்திருக்கும். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன மிருகம், அண்ணே. செம்மண் நிற உடம்பு, கறுத்த வால். என் செவலையைத் தின்றது இதுவா என்று அதிசயமாக இருந்தது. கடைசியாகக் கிடந்தது பெண். நீ அதன் பக்கத்தில் குந்தி வயிற்றைத் தொட்டுப் பார்த்தாய். மடி கனத்துப் பால் கட்டியிருந்தது.

"குட்டி எங்கயோ இருக்கு பாப்பா" என்றாய்.

நாம் அந்த மத்தியானம் முழுக்கத் தேடினோம். லாலான் புல்லுக்குள்ளும், இடிந்த மண் மேட்டுக்கடியிலும், விழுந்த மரங்களின் அடியிலும் நீ முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து போனாய். கை காலெல்லாம் முள் கீறி ரத்தம். எத்தனையோ பன்றிகளைத் தூக்கி வந்த உன்னை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு பொந்தின் வாயில் காதை வைத்துக்கொண்டு கையைக் காட்டி என்னைச் சும்மா இருக்கச் சொன்னாய். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். உள்ளே ஒன்றும் இல்லை. இருட்டுவதற்கு முன் திரும்பினோம். வழியெல்லாம் நீ திரும்பித் திரும்பிக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

நீ மணியத்தின் வீட்டுக்குப் போனாய். அங்கே என்ன பேசினீர்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் வந்தான். யாரையும் கேட்காமல் ஒரு பக்கம் தோள் கொடுத்தான்.

செந்நாய்கள் அதோடு வரவில்லை. என் மாடுகள் பெருகின. போட்ட கன்றுகள் எல்லாம் பிழைத்தன. வீட்டுக்குப் பின்னால் அறை இழுத்துக் கட்டியதும், மகனைப் படிக்க அனுப்பியதும் அந்த மாடுகளால்தான். நீ கட்டிய பட்டியாலா, மணியம் வைத்த மருந்தாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவனைத் திட்ட வாய் எடுக்கும்போதெல்லாம் கொழுத்து நிற்கும் மாடுகள் கண்ணில் படும், வாய் அடைத்துவிடும்.

நீ அடுத்த வருடமும் லைசென்ஸைப் புதுப்பித்தாய். நான் கேட்டதற்கு, "கன்னு வச்சவன் பாவமில்லையா? பன்னி வந்தா நாந்தான போகணும்" என்றாய். பன்றி வரவில்லை, அதற்குள் உன் சிறுநீரகம் கெட்டுவிட்டது. துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைத்துவிட்டு வந்த நாள் அண்ணி உனக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்தாள். உப்பில்லாமல்தான்.

டயாலிசிசுக்குச் சிகாமட்டுக்கு நான்தான் உன்னைக் காரில் கூட்டிப்போவேன். போகும்போது தூங்குவாய், வரும்போது பேசுவாய். அப்படி ஒரு நாள், மழை பெய்து ஓய்ந்திருந்தது, நீ அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாய். லைசென்ஸ் வாங்கிய புதிதில் பெக்கோக் காட்டுப் பக்கம் ஒரு பெரிய பன்றியின் பின்னால் காலையிலிருந்து போனாயாம். குறி வைத்துவிட்டாய். விசையில் விரல் இருக்கிறது. அப்போது புதருக்கு அந்தப் பக்கம் விசில் சத்தம். ஆள் இருக்கிறான் என்று நினைத்துத் துப்பாக்கியை இறக்கினாயாம். இந்தப் பக்கமிருந்து இன்னொரு விசில். பார்த்தால் செந்நாய்கள். ஒன்று கூப்பிட, ஒன்று பதில் சொல்ல, கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பன்றியைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய்விட்டன.

"என் பன்னிய என் கண்ணு முன்னாலயே தூக்கிட்டுப் போயிருச்சுங்க பாப்பா. எனக்குக் கோவமே வரல."

"எப்படி விசில் அடிக்கும்?" என்று கேட்டேன்.

நீ உதட்டை நனைத்துக்கொண்டு அடித்துக் காட்டினாய். மெலிசாக, இழுத்து, முடிவில் கொஞ்சம் மேலே ஏறுகிற மாதிரி. என்னையும் அடிக்கச் சொன்னாய். எனக்கு முதலில் காற்றுதான் வந்தது. நீ சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுத்தாய். லாபிஸ் வருவதற்குள் எனக்கு வந்துவிட்டது. அதுதான் நாம் சேர்ந்து போன கடைசிப் பயணம்.

இன்று சாயங்காலம் மறுபடி அதே கடையில் கூடினார்கள். எல்லோர் தோட்டத்திலும் பன்றி இறங்கியிருக்கிறது. லைசென்ஸ் உள்ளவர்களைக் குளுவாங்கிலிருந்து கூப்பிடலாம் என்றார்கள். நான், "கூப்பிடுங்க. ஆனா எல்லாத்தையும் அடிச்சுத் தீத்துடாதீங்க. கொஞ்சம் விடுங்க" என்றேன்.

"எத்தன விடறது, அக்கா?" என்று ஒருவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மணியம் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. "அதுங்க இருந்திருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது" என்று கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எதுங்க என்று யாரும் கேட்கவில்லை. பாக்சிக் ஹமிட் எழுந்து கை கழுவப் போனார். பிறகு வேட்டைக்காரர்களின் நம்பரைப் பற்றிப் பேச்சு தொடர்ந்தது. எப்படியும் அடுத்த வாரம் வந்துவிடுவார்கள். வரவேண்டும்தான். ஹமிட்டின் கன்றுகளை நானே பார்த்தேனே.

திரும்பி வந்து மாடுகளைப் பட்டிக்கு ஓட்டினேன். ஓட்டும்போது அந்த விசில் என் வாயிலிருந்து தானாக வந்துவிடுகிறது, அண்ணே. நிறுத்திப் பார்த்தேன், முடியவில்லை. மாடுகள் அதைக் கேட்டுக்கொண்டே நடக்கின்றன, வால் ஆட்டுகின்றன, ஈ விரட்டுகின்றன. எல்லாம் செந்நாய்கள் போனபிறகு பிறந்தவை. அந்தக் காலத்து மாடு இப்போது ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அந்தக் கிழட்டு வெள்ளை. அது மட்டும் அசைபோடுவதை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கி, காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நானும் அதோடு நின்று பார்க்கிறேன்.

உன் பாப்பா