முக்காடு போட்ட படம்

லீட்ஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலிக்குச் சிதம்பரம் டாக்டரிடம் போனீர்களா? நான் நலம்.

கவலைப்பட வேண்டாத ஒரு செய்தி. இங்கே கோயிலுக்குப் பதினைந்து பேர் வந்தாலே கூட்டம். அம்மா பழக்கிய முக்காட்டோடு உட்கார்ந்திருந்த என்னை யாரோ படமெடுத்தார்கள். சபைப் பத்திரிகைக்கு என்று நினைத்தேன். அது ஒரு கட்சியின் தேர்தல் நோட்டீஸில் வந்துவிட்டது. என் படத்துக்கு மேல், 'இது கிறிஸ்தவ நாடு.' பின்பக்கத்தில், 'வந்தேறிகளைத் திருப்பி அனுப்புவோம்.'

என்னோடு ஆய்வகத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டை ஷஹனாஸ் சிரித்தாள். "முன்னாடி உன்னிய கும்புடுறாங்க, பின்னாடி பிளேன் ஏத்துறாங்க. நானுந்தான் முக்காடு போடறேன், என்னிய ஏங்க்கா படம் புடிக்கல?"

இன்று ஆராதனை முடிந்ததும் வாசலில் அதை விநியோகித்தார்கள். கொடுத்தவர் என் வீட்டுக்கார அம்மா. நான் நோட்டீஸ் கட்டை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, "என் முகத்தைக் காட்டி ஓட்டுக் கேட்காதீர்கள்" என்றேன். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார். செய்கிறேன். கட்டைத் திருப்பித் தரவில்லை.

புது முகவரி வரும்வரை பார்சல் அனுப்ப வேண்டாம். கடலூரில் பாடகர் குழு பாடும்போது தம்பி ராபர்ட்டைப் எனக்குப் போன் போட்டு, அணைக்காமல் அப்படியே பிடித்திருக்கச் சொல்லுங்கள். யாரும் பேச வேண்டாம்.

என் விசுவாசம் எவ்வளவு குறைவு என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த ஞாயிறு முக்காட்டோடு முதல் வரிசையில் உட்காருவேன். நான் எழுந்து போனால் அந்தக் கோயில் அவர்களுடையதாகிவிடும்.

பஸ் வருகிறது.

பியூலா