கேமரா மேல் போட்ட பழி

கோட்டையூர்,
ஜூன் 14, ஞாயிறு

அன்பு மகள் மரிய அனிதாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை லூர்து பிரகாஷும் குழந்தையும் அந்தக் குளிர் ஊரில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன். சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது, கிணற்று மோட்டார் சரியாகிவிட்டது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருப்பதால்தான் இத்தனை வருஷம் கழித்துப் பேனாவை எடுத்தேன்.

அடுத்த மாதம் அம்மாவின் முதல் ஆண்டுப் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க, போன புதன்கிழமை காரைக்குடிக்குப் போயிருந்தேன். நீ வெளிநாடு போகும்போது எங்களிடம் விட்டுப்போன பழைய போனில்தான் உன் அம்மா ஞானபூரணியின் படமெல்லாம் இருக்கிறது. ஸ்டுடியோ வைத்திருக்கிற கார்த்திகேய சிவம் அவளிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, போன வருஷம் ஈஸ்டர் அன்று காலையில் கோயில் வாசலில் நான் எடுத்த படத்தில் நிறுத்தினான். அம்மா சிரித்துக்கொண்டு நிற்பாளே, அதுதான். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, டீச்சரம்மா கண்ணு மட்டும் மஞ்சளா இருக்குய்யா, வெள்ளையாக்கிரவா என்று கேட்டான். பழைய கேமரா தம்பி, அது அப்படித்தான் எடுக்கும் என்றேன். கேமரா கோளாறுன்னா பின்னாடி சுவரும் மஞ்சளாத்தானே இருக்கணும், அது சுண்ணாம்பு வெள்ளையா இருக்கேய்யா என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அனிதா, நீ அன்றைக்கே கேட்டாய். படத்தை அனுப்பிய பத்து நிமிஷத்தில் கூப்பிட்டு, அம்மா கண்ணு ஏம்ப்பா மஞ்சளா இருக்கு, நாளைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க என்றாய். ஏழு மாத வயிற்றோடு நீ கலங்கிவிடக் கூடாது என்று, அது இந்தப் போன் எடுக்கிற லட்சணம் என்று சிரித்து மழுப்பினேன். அப்பா சொன்னதால் நீயும் விட்டுவிட்டாய். போனை வைத்ததும் அம்மா, அவ சொல்றதையும் கேளுங்களேன், எனக்கும் ஒடம்பெல்லாம் அரிக்கிது, ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம், வாரீகளா என்றாள். வெயில் அரிப்பு என்றேன். அப்புறம் பக்கத்து வீட்டுத் தேனம்மை காமாலை என்று சொல்லவும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். ஐந்து வாரம் போய்விட்டது. மதுரையில் டாக்டர், கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது, முன்னாடியே வந்திருந்தால் ஆபரேஷனாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார். முன்னாடியே வந்திருந்தால் என்று அவர் சொன்னதை மட்டும் உன்னிடம் நான் சொல்லவே இல்லை. போன புதன்கிழமை வரைக்கும் கேமராவைச் சொல்லியே மனதை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

இருபது நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவை அடக்கம் பண்ணியதை நீ போனில் பார்த்தாய். அதற்குப் பிறகு பேசும்போதெல்லாம், நர்ஸா இருந்தும் எங்கம்மா நோயை எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியலையே என்று அழுகிறாய். விடு தாயி, யாருக்குத் தெரியும் என்று நானும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாக உன்னை அப்படி அழவிட்டேன். நீ கண்டுபிடித்தாய் அனிதா. அவ்வளவு தூரத்திலிருந்து, அந்த மங்கல் படத்திலேயே கண்டுபிடித்தாய். கேட்காமல் போனது நான். கண்ணை மாற்ற வேண்டாம், இருக்கிறபடியே அட்டையில் போடு என்று சிவத்திடம் சொல்லிவிட்டு வந்தேன். அட்டை வந்ததும் ஒன்று அனுப்புகிறேன். பார்க்க முடியாவிட்டால் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துவிடு.

குழந்தையின் தடுப்பூசித் தேதியைத் தவறவிடாதே. உன் உடம்பில் எது சரியில்லை என்றாலும் உடனே காட்டு, யார் சிரித்து மழுப்பினாலும் கேட்காதே. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் கையில் வைத்துக் காக்கட்டும். இதைப் படித்த பிறகு என்னோடு பேச உனக்கு மனம் வராவிட்டால் அது நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாப்பிள்ளையிடம் போனைக் கொடுத்துக் குழந்தையைக் காட்டச் சொல். நான் ஒன்றும் பேச மாட்டேன், பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.

உன் அப்பா,
சேசுராஜ்