முடிக்குத்தானே என்று

ஜனவரி 4

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா தன் சீப்பில் சிக்கிய முடியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். நாளெல்லாம் சலூனில் யார் யார் முடியையோ வெட்டி வாரிவிடுகிறேன், பெற்றவள் தலையைத் தொட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பயோட்டின் மாத்திரை அனுப்பியிருக்கிறேன். பி வைட்டமின்தான், அது குறைந்தால் முடி கொட்டுமாம். வீரியம் அதிகம், தினம் ஒன்று போதும். அவளை நம்ப முடியாது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குட்டி

மார்ச் 19

குட்டிம்மா,

ஒன்றாவது! உன் அம்மா மூன்று போடுகிறாள். வகிட்டில் பூனைமுடி முளைத்திருக்கிறதாம், தபால்காரரைக்கூட விடாமல் காட்டுகிறாள். "உங்க தலைக்கு மூட்டையா வாங்கினாலும் வேஸ்ட்டு" என்று எனக்குக் கேலி வேறு.

நேற்று நெஞ்சை அடைக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி, ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, வாயுத் தொல்லை என்று அனுப்பிவிட்டார்கள். போன உயிர் திரும்பி வந்தது. கவலைப்படாதே.

அப்பா

ஏப்ரல் 27

அப்பா,

அம்மா மாரடைப்பில் போய் ஐந்து வாரம்.

நேற்று ஒரு நர்ஸ் என்னிடம் முடி வெட்டிக்கொள்ள வந்தார். பயோட்டின் அதிகமாகப் போட்டிருந்தால், மாரடைப்புக்கான ரத்தப் பரிசோதனை சில சமயம் ஒன்றுமில்லை என்று தப்பாகக் காட்டுமாம். அம்மாவுக்கு அப்படித்தான் ஆனதா? நான்தான் கொன்றேனா அப்பா? மழுப்பாமல் எழுதுங்கள்.

குட்டி

மே 6

குட்டிம்மா,

அம்மாவைப் பார்த்த டாக்டரிடமே போய்க் கேட்டேன். "இருக்கலாம், இனி உறுதியா சொல்ல முடியாது" என்றார்.

அன்றைக்கு அவர் கேட்கத்தான் செய்தார். "வேற மாத்திரை, வைட்டமின் ஏதாவது போடறாங்களா?" நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். "முடி கொட்டுதுன்னு இங்க வந்து சொல்லணுமா? மானமே போயிடும்" என்று காதோடு சொன்னாள். முடிக்குத்தானே என்று நானும் "இல்லீங்க" என்றேன்.

நீ ஒன்று என்றுதான் எழுதினாய். மூன்று போடுவதைப் பார்த்துச் சிரித்தவன் நான். நீ கொல்லவில்லை, கண்ணு. நான் பொய் சொன்னது உனக்குத் தெரியாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்றிருந்தேன். நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதை என்னால் தாங்க முடியவில்லை.

அப்பா

ஜூலை 2

குட்டிம்மா,

நீ பதில் போடாமல் இது மூன்றாவது கடிதம். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அப்பா