தபால் ஓட்டுக்குச் சாத்திய கதவு

ஜெசிக்கு அனுப்ப வேண்டிய பருப்புப் பொடியைக் கட்ட நூல் தேடி, உங்கள் தேர்தல் பையைத் திறந்தேன். அரக்கு வாசனை குப்பென்று வந்தது. நீங்கள் போனபிறகு அந்தப் பையை யாரும் தொடவில்லை. வாக்குப்பெட்டிக்கு முத்திரை வைக்க நீங்கள் பாதி உருக்கிய அரக்குக் குச்சி அப்படியே கிடக்கிறது. பொடியைக் கட்டாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த வாரம் முழுக்க இப்படித்தான். எந்த வேலையும் முடிவதில்லை. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு விசிலை எண்ண மறந்துபோகிறேன்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சிலி நாட்டில் தேர்தல். ஜனாதிபதிக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரே நாளில் ஓட்டு. நம் பெண் ஜெசி அங்கே வேலைக்குப் போகும்வரை அந்த நாடு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. நீங்கள்தான் பள்ளிக்கூடத்திலிருந்து அட்லஸ் கொண்டுவந்து, முருங்கைக்காய் மாதிரி நீளமாக இருக்கிறது பார் என்று காட்டினீர்கள். ஐந்து வருஷம் குடியிருந்தால் வெளிநாட்டுக்காரர்களுக்கும் அங்கே ஓட்டு உண்டாம். இந்த முறை ஜெசிக்கு வந்திருக்கிறது.

அங்கே ஒரு வேட்பாளர், வெளியிலிருந்து வந்தவர்களிடம் கறாராக இருப்பேன் என்று பேசிக்கொண்டிருக்கிறார். "அந்த ஆள் வந்தா மூட்டை கட்டிட்டு உன்கிட்டயே வந்துடுவேம்மா" என்றாள் ஜெசி. குரலில் பயம் இருந்தது. எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? வரட்டுமே என்றுதான். ஆனால் அவள் ஆசை ஆசையாக அமைத்துக்கொண்ட வாழ்க்கை கலைந்தால்தான் எனக்குப் பெண் கிடைப்பாள் என்றால், நான் யார் பக்கம்?

நேற்றுச் சாயங்காலம் பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போனேன். மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். நான் நிற்பதைப் பார்த்து, மெழுகுவத்தி விற்கும் அம்மா, "இன்னாம்மா வேண்டிக்கினு ஏத்துன?" என்றார். பொண்ணு நல்லா இருக்கணும்னு என்றேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. மெழுகுவத்தி எரிந்து முடியும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் கடற்கரைக்குப் போனேன். அங்கேயும் உட்கார முடியவில்லை.

அப்போது உங்கள் தபால் ஓட்டு நினைவுக்கு வந்தது. தேர்தல் தவறாமல் உங்களுக்கு வாக்குச்சாவடி வேலை வரும். வடபழனிப் பக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் போடுவார்கள். நான் புளிசாதம் கட்டித் தருவேன். உங்கள் ஓட்டு மட்டும் தபாலில். அபிராமபுரத்து வீட்டில் இருந்தது ஒரே ஒரு படுக்கையறை. சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவீர்கள். ஜன்னல் திரையையும் இழுத்துவிடுவீர்கள். கட்டிய மனைவி நான், காபி டம்ளரோடு வெளியே நிற்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரிய ராணுவ ரகசியம் என்று முணுமுணுப்பேன். இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தும் உங்கள் கட்சி எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒருமுறை சாப்பிடும்போது, சின்னப் பெண்ணாக இருந்த ஜெசி, டாடி யாருக்குப் போட்டீங்க என்று கேட்டுவிட்டாள். நீங்கள் கோபப்படவில்லை. "நம்ம வீட்ல அதைக் கேக்கக் கூடாதும்மா. கேட்டா பொய் சொல்ல வேண்டி வரும்" என்றீர்கள். ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினீர்கள். அவள் அப்புறம் கேட்டதே இல்லை.

இன்று விடிந்ததும் அவள் போன் செய்தாள். ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்திலேயே நின்று எண்ணிக்கையைப் பார்த்தாளாம். சீட்டை ஒவ்வொன்றாகப் பிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி பெயரை வாசிக்கிறார்களாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். டாடி இருந்திருந்தால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார் என்று சொல்லிச் சிரித்தாள். நாடாளுமன்றச் சீட்டுகளை இன்னும் எண்ணி முடிக்கவில்லை. ஜனாதிபதிக்கு யாருக்கும் பாதி ஓட்டு வரவில்லை, அதனால் முதல் இரண்டு பேருக்கு அடுத்த மாதம் மறுபடியும் போட்டி. அவள் பயப்படுகிற ஆள் அதில் ஒருவர்.

இன்னும் ஒரு மாதம் இப்படியே ஓட வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏம்மா, உனக்கு யார் ஜெயிக்கணும்?"

"நம்ம வீட்ல அதைக் கேக்கக் கூடாது ஜெசி" என்றேன்.

அவள் மெதுவாக, "கேட்டா பொய் சொல்லுவியாம்மா?" என்றாள்.

"சொல்லுவேன்."

"அப்ப கேக்கல" என்று வைத்துவிட்டாள்.

பொடியைக் கட்டி முடித்துவிட்டேன். முடிச்சின்மேல் உங்கள் அரக்கை உருக்கி விட்டேன். அவள் வருவாளோ மாட்டாளோ, பொடி மத்தியானம் கூரியரில் போகிறது. உங்கள்மேல் இருந்த அந்தப் பழைய கோபம் போய்விட்டது. இப்போது நானும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். காபி டம்ளரோடு வெளியே நிற்பது ஜெசி.